சத்திரமும் சக்கரமும்

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். வேலூர் பக்கமாக இன்னும் போனால் பாலுசெட்டி சத்திரம். 'சத்திரம்லாம் எறங்கு' என்று கண்டக்டர் குரல் கொடுக்கும்போது அந்தச் சொல்லைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. மாட்டு வண்டியில் இந்தப் பாதையைக் கடந்தவனுக்கு அது சோறும் தண்ணீரும் திண்ணையும் சேர்ந்த சொல்!

சரி, வீட்டையே கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் சத்திரம் எதற்கு?

அப்படிக் கிளம்பியவர் ஒருவர் உண்டு. ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18-ம் தேதி சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். பல்லக்கு, கூடாரம், வண்டி, சுமை தூக்குகிறவர்கள் என்று பெரிய பரிவாரம். திருப்பதி, ஹைதராபாத், நாக்பூர் வழியாக காசி; அங்கிருந்து கல்கத்தா; பிறகு கடலோரமாகவே சென்னை. திரும்பி வந்தது 1831 செப்டம்பர் 3-ம் தேதி. பதினைந்து மாதத்துக்கு மேல் நடமாடும் வீடுதான்!

போகிற வழியில் தன் நண்பர் கோமளேஸ்வரபுரம் சீனிவாச பிள்ளைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே போனார். 1838-ல் அந்த நண்பரே அவற்றைத் தெலுங்கில் 'காசி யாத்ர சரித்ர' என்று புத்தகமாகப் போட்டார். அதற்குள் வீராசாமி காலமாகிவிட்டார்.

அந்தப் புத்தகத்தில் ஊர் ஊராக அவர் குறித்து வைத்திருப்பது என்ன தெரியுமா? தண்ணீர் எப்படி, கடை உண்டா, தங்க இடம் உண்டா... இதைத்தான். கூடாரமே கூட வந்தாலும் இறங்கும் இடத்தில் கிணறு இருக்க வேண்டுமே!

இது அமெரிக்காவுக்கும் பொருந்துகிறது. அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சின்ன ஊர். குளிர்காலம் வந்தால் வடக்கே பனியில் உறைகிற பெரியவர்கள், சமையலறை, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ள மோட்டார் வீடுகளில், சிநேகிதர்களோடு கூட்டம் கூட்டமாக அங்கே வந்து இறங்குவார்கள். செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை கட்டணம் வாங்கிக்கொண்டு அரசாங்க நிலத்தில் தங்கவிடுகிறார்கள். தண்ணீர் பிடிக்க இடம், கழிவைக் கொட்ட இடம், குப்பைக்கு இடம். அத்தனை வசதியுள்ள வண்டிக்கும் கடைசியில் தேவைப்படுவது ஒரு சத்திரம்தான்!

அதே ஊரில் பிரமிடு மாதிரி ஒரு சமாதி இருக்கிறது. உச்சியில் ஓர் ஒட்டகம். உள்ளே உறங்குபவர் ஹாஜி அலி. பாலைவனத்தில் சாமான் சுமக்க அமெரிக்க ராணுவம் 1856-ல் துருக்கி சாம்ராஜ்யப் பகுதிகளிலிருந்து ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றை ஓட்ட வந்தவர். நம் சினிமாக்காரர்கள் சொல்கிற 'கேரவன்' என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததுதான். ஆதியில் அது வண்டியைக் குறிக்கவில்லை. பாலைவனத்தைச் சேர்ந்து கடக்கும் மனிதர் கூட்டத்தைக் குறித்தது.

நம் ஊர் சத்திரங்களுக்கு வருவோம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வரம் போகும் பாதையில் உள்ள சத்திரங்களில் எல்லா சாதியாருக்கும் சோறு உண்டு. தானே சமைத்துக்கொள்கிறவருக்கு அரிசி உண்டு. வழியில் நோய்ப்பட்டால் வைத்தியம் உண்டு என்று விளக்குகிறார். கம்பெனி கைக்கு எல்லாம் போகிறதே, இது நின்றுவிடக் கூடாதே என்ற தவிப்பு அதில் தெரிகிறது.

ஆனால், காலம் வேறு ரூட்டில் வந்தது. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. மாட்டு வண்டியில் நாள் கணக்கில் போன தூரம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ராத்தங்கலுக்கு வேலை குறைந்தது. மெல்ல மெல்ல சத்திரம் போய், பெயர் மட்டும் மிஞ்சியது.

இன்று அந்தப் பெயர்களைச் சுற்றித்தான் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹுண்டாய் கார் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவை அறிவித்தபோது, முதலில் வந்த சொகுசு வண்டி பாரத்பென்ஸ் சேசிஸில் கட்டியது. அந்தத் திட்டத்திலும் வண்டி நிற்பதற்குத் தனிப் பூங்கா வேண்டும் என்று சேர்த்தே யோசித்தார்கள்.

ஆனால், ஒரகடம் சாலையோரம் இன்னொரு நடமாடும் வீடு நிற்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? கார் ஏற்றிப்போகும் நீள டிரெய்லர். வட மாநிலத்து டிரைவர். லோடு கிடைக்கும் வரை கேபின்தான் படுக்கையறை. டயர் மறைவில் ஸ்டவ் வைத்து ரொட்டி சுடுவார். கேன் தண்ணீரில் குளியல். மற்றதற்கு முள்காடு!

கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டது; 2025-ல் அது அமலுக்கு வந்தது. நல்ல காரியம். வண்டிக்குள் கொஞ்சம் குளிர்ச்சி வரும். வண்டியை விட்டு இறங்கினால்?

வீராசாமியின் குறிப்பேட்டை இன்று ஒரு லாரி டிரைவர் எழுதினால் அதே கேள்விகள்தான் இருக்கும். தண்ணீர் உண்டா, கடை உண்டா, படுக்க இடம் உண்டா? கோடிக்கணக்கில் சரக்கை நகர்த்தும் இந்தச் சாலையில் ஒரு கிணறும் கூரையும் கழிப்பறையும் பெரிய செலவே இல்லை. மாட்டு வண்டிக்காரனுக்கே நம் முன்னோர் செய்து கொடுத்தது அது. ஊர்ப் பெயரில் சத்திரத்தை வைத்துக்கொண்டு, வழிப்போக்கனை முள்காட்டுக்கு அனுப்புவது நியாயமா?