ஒரே குலுக்கல், இரண்டு காரணங்கள்

மதுரை தல்லாகுளத்துக்காரர்களுக்கு வண்டியைச் சோதித்துப் பார்க்க இரண்டு பாதைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்று, 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட 7.3 கிலோமீட்டர் நீள நத்தம் சாலை மேம்பாலம். மற்றொன்று, வேகத்தடையும் தோண்டி மூடிய பள்ளமும் சாக்கடை மூடியுமாக உள்ளே போகும் தெருக்கள். பெட்ரோல் கார், மின்சாரக் கார் இரண்டையும் இந்தப் பாதைகளில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், உடம்புக்குக் குலுக்கல் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதன் காரணம் வேறு வேறு என்பது விளங்கும். பெட்ரோல் கார் பழக்கத்திலேயே மின்சாரக் காருக்கும் வைத்தியம் பார்த்தால் பணம் போகும், குலுக்கல் போகாது.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இணைகள் நம் ஊரிலேயே ஓடுகின்றன. டாடா நெக்ஸான் 2017இல் பெட்ரோல், டீசல் எஞ்சின்களோடு வந்தது. 2020இல் அதே கூட்டில் மின்சாரக் காராகவும் வந்தது. டியாகோ 2016இல் வந்தது, அதன் மின்சார வடிவம் 2022இல். கூடு ஒன்றேயாக இருப்பதால் வேறுபாடுகளைத் தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது.

முதல் வேறுபாடு எடை. முதல் நெக்ஸான் மின்சாரக் காரின் தரைக்கடியில் 30.2 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி இருந்தது. எஞ்சினைக் கழற்றியதில் குறையும் எடையைவிட, இப்படி ஒரு பேட்டரியால் கூடும் எடை அதிகம். அந்தப் பாரத்தைத் தாங்கவும், பள்ளத்தில் அடிப்பாகம் இடிக்காமல் இருக்கவும் ஸ்பிரிங்கை இறுக்கமாக வைக்கிறார்கள். ஷாக் அப்சார்பரும் அதற்கேற்ப விறைப்பாகிறது. டயரும் கூடுதல் பாரம் சுமக்க வேண்டும், உருளும்போது சார்ஜையும் வீணாக்கக் கூடாது; ஆகவே அதுவும் விறைப்பாகவே இருக்கும். அதனால், புது மின்சாரக் காரில் சின்னச் சின்ன மேடுபள்ளம் முதுகில் தெரிந்தால் அது பெரும்பாலும் பழுதல்ல, வண்டியின் அமைப்பு. எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் அந்தக் கார் குறைவாகச் சாய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு ஓசை. பெட்ரோல் காரில் எஞ்சின் இரைச்சல் பல சத்தங்களை மூடிவிடும். மின்சாரக் காரில் அந்தத் திரை இல்லை. மேம்பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது எழும் ‘தடக், தடக்’ அப்படியே காதில் விழுகிறது. கேட்பதையெல்லாம் குலுக்கலாக மனம் கணக்கிட்டுக்கொள்கிறது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்ரோல் கார்க்காரர் வாரம் ஒருமுறையாவது பங்க்குக்குப் போகிறார், அங்கேயே காற்றும் பிடிக்கிறார். வீட்டில் சார்ஜ் ஏற்றுகிறவருக்கு அங்கே போக வேலையில்லை. மாதக்கணக்கில் காற்றைப் பார்ப்பதே இல்லை. என்றாவது போனால், “அண்ணே, வெயிட்டு வண்டி, நாற்பது வச்சிரவா?” என்று பையன் கேட்பான், இவரும் தலையாட்டுவார். ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட ஐந்தாறு புள்ளி (psi) கூடினாலே டயர் கல்லாகிவிடும். மதுரை வெயில் வேறு சேர்ந்துகொள்ளும். 5, 6 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 புள்ளி உயரும். ஆகவே காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். மெத்தென்று போகட்டுமே என்று குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறக்குவதும் ஆபத்து. பள்ளத்தில் டயரும் ரிம்மும் அடிபடும்.

காற்று சரியாக இருந்தும் குலுங்கினால் சோதனை தொடங்குகிறது. மேம்பாலத்தில் நான்கு சக்கரமும் ஒரே சீராக உதைத்தால் டயரையோ ஸ்பிரிங் இறுக்கத்தையோ நினைக்கலாம். தெருப் பள்ளத்தில் ஒரு மூலை மட்டும் ‘லொடக்’ என்றால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவை இரண்டு வகைக் காருக்கும் பொது.

நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதிர்வில்தான் வழிகள் பிரிகின்றன. பெட்ரோல் காரில் அதே வேகத்தில் கியரை மாற்றிப் பார்க்கலாம்; அதிர்வு மாறினால் எஞ்சின் பக்கம், மாறாவிட்டால் சக்கரப் பக்கம். மின்சாரக் கார்களில் பெரும்பாலும் ஒரே கியர். மோட்டாரும் சக்கரமும் சேர்ந்தே சுற்றுவதால் அந்தச் சோதனைக்கு வழியில்லை. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பார்க்க வேண்டும். அழுத்தும்போது மட்டும் அதிர்ந்தால் டிரைவ் ஷாஃப்டைச் சந்தேகிக்கலாம். எப்போதும் அதிர்ந்தால் வீல் பேலன்சிங். அந்த வேகத்தில் 16 அங்குலச் சக்கரம் நொடிக்குப் பத்து, பதினொரு முறை சுற்றுகிறது. சில கிராம் எடை பிசகினாலும் ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும்.

வேலை பார்க்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. மின்சாரக் காரைத் தூக்கும்போது ஜாக்கைக் குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும். பேட்டரிப் பெட்டிக்கு அடியில் வைத்தால் பெட்டி நசுங்கும். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் ஓடுபவை. பயிற்சி இல்லாதவர் கை அங்கே போகக் கூடாது. இரண்டு கார்களுக்கும் சிகிச்சை வரிசை ஒன்றுதான்: காற்று, பேலன்சிங், டயர், புஷ், கடைசியாக ஷாக் அப்சார்பர். முதல் படிக்குச் செலவே இல்லை, கடைசிப் படி ஆயிரக்கணக்கில் போகும். மின்சாரக் கார்க்காரர்கள் பலர் பின்னாலிருந்து தொடங்குவதுதான் வருத்தமாக இருக்கிறது.

1911இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார், தம் பஸ்கள் ஓடும் சாலையில் உதிர்ந்து கிடந்த ஆணிகளை அள்ளக் காந்தம் பூட்டிய வண்டி ஒன்றை ஓடவிட்டார் என்பார்கள். பஸ்ஸின் நலத்தை அவர் டயர் தொடும் தரையிலிருந்து பார்த்தார். தல்லாகுளத்தில் இன்று மின்சாரக் கார் வைத்திருப்பவர் மெக்கானிக்கிடம் போவதற்கு முன், விடியற்காலையில் ஒரு அளவுமானியோடு நான்கு டயரையும் சுற்றி வந்தால் போதும். பாதிக் குலுக்கலுக்கு அங்கேயே விடை கிடைக்கும்.