சென்ட் குப்பி வால்வும் சிறுவர் ஆஸ்துமாவும்

“மெக்கானிக்கல் படிச்சவனுக்கு மருந்துக் கதை எதுக்குப்பா?” என்று மலர்க் குழு நண்பர் சிரித்தார். காரணம் உண்டு. என் ஆறு வயது மகளுக்கு வீசிங். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்த அன்று வீட்டில் ஒரே ரகளை. “பச்சப் புள்ளைக்கு பஃப்பா? பழகிட்டா விடவே விடாது” என்றார் அம்மா. அந்தச் சின்ன டப்பாவின் சரித்திரத்தைத் தேடப் போனேன். பாதிக்கு மேல் நம்ம டிபார்ட்மெண்ட் சமாச்சாரம்!

1955. அமெரிக்காவின் ரைக்கர் மருந்துக் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அப்போது கண்ணாடிக் குப்பியில் இருந்த மருந்தை, ரப்பர் பந்தைப் பிசைந்து உள்ளிழுக்க வேண்டும். கை தவறினால் உடையும்; பிசைவதைப் பொறுத்து அளவும் மாறும். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் அடைக்கக் கூடாதா என்று அந்தப் பெண் கேட்டாளாம்.

மெய்சன் சிரித்துத் தள்ளவில்லை. ஆய்வுக்கூடத்தில் கிடைத்தவை ஒரு பழைய ஐஸ்கிரீம் ஃப்ரீஸர், மூடி போடும் கருவி, காலி சென்ட் குப்பிகள். (நம் ஒர்க்‌ஷாப்பை நினைத்துக்கொள்ளுங்கள்!) உயிர்நாடி வால்வுதான். சென்ட் தொழிலுக்காக பிலிப் மெஷ்பெர்க் செய்திருந்த அந்த வால்வு, ஒவ்வொரு அமுக்கலுக்கும் 50 மைக்ரோலிட்டர்தான் விடும். துளிகள் சுமார் 5 மைக்ரானுக்குள் இருந்தால்தான் சிறு மூச்சுக்குழாய்களை எட்டும். பெரிதானால் தொண்டையோடு சரி. 1956 மார்ச்சில் ‘மெடிஹேலர்’ அனுமதி பெற்றது.

கதை அங்கேயே நின்றிருந்தால் அம்மா பயந்ததுதான் சரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் ஆஸ்துமா மரணம் 1959-க்கும் 1966-க்கும் இடையே ஏறத்தாழ எட்டு மடங்காயிற்று. அங்கே ஐசோபிரீனலின் மருந்தை ஐந்து மடங்கு வீரியத்தில் ‘ஃபோர்ட்’ என்று விற்றார்கள். அந்த ரகம் விற்காத அமெரிக்காவில் இப்படி நேரவில்லை. அந்த மருந்து இதயத்தையும் விரட்டும். பஃப் அடித்தால் சற்று சுகம். உள்ளே வீக்கம் அப்படியே இருக்க, ஆஸ்பத்திரிக்குப் போவதும் தள்ளிப்போகும்.

1969-இல் டேவிட் ஜாக் குழுவினரின் சால்புடமால் வந்தது. இதயத்தை அதிகம் தொடாமல் மூச்சுக்குழாயைத் தளர்த்தியது. 1972-இல் அதே குழுவினரின் பெக்லோமெத்தசோன். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய திருப்பம். வீக்கத்தையே அடக்குவது இதுதான். “ஐயோ, ஸ்டீராய்டா!” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பஃப் 50 அல்லது 100 மைக்ரோகிராம். 20 மில்லிகிராம் எடைக்கு, 100 மைக்ரோகிராம் பஃப் 200 அடிக்க வேண்டும். கடும் இளைப்பில் ஒரே நாளில் வாய்வழி ஸ்டீராய்டு அந்த அளவுக்குத் தருவதுண்டு. பக்க விளைவு அறவே இல்லையா? உண்டு. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதே வகை மருந்தான புடெசோனைடைச் சில வருஷம் எடுத்த சிறுவர்கள், வளர்ந்தபின் சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைந்திருந்தார்கள். மூச்சுக்கு அது பெரிய விலை என்று எனக்குப் படவில்லை.

2019-இல் ‘ஜினா’ என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி, 12 வயது முதல் யாருக்கும் சால்புடமால் வகையை மட்டும் தனியாகத் தர வேண்டாம் என்றது. ஹாஸ்டலில் எங்கள் விங்கில் ஒருவன் நீல பஃப்பை மட்டும் நம்பி, அதையும் பெட்டியில் ஒளித்தே நாலு வருஷம் ஓட்டினான். இப்போதும் யாராவது அப்படி இருந்தால், தம்பி, டாக்டரிடம் அந்த இன்னொரு மருந்தைப் பற்றிக் கேளுப்பா.

இப்போது ராத்திரி எட்டு மணிக்கு ஸ்பேசர் குழாயைப் பிடித்துக்கொண்டு பேத்தியின் மூச்சை எண்ணுவது என் அம்மாதான். முடிந்ததும், “வாய் கொப்புளிச்சியாடீ?” என்று விரட்டுவதும் அவர்தான்.