பட்டனில் மாறிய கியர்

பழைய அமெரிக்கக் கார்களின் படங்களைப் பார்க்கும்போது சிலவற்றில் கியர் லீவரே இருக்காது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், டாஷ்போர்டில் வரிசையாகச் சில பட்டன்கள் மட்டும் இருக்கும். றேடியோ என்று நினைத்துக் கடந்துபோவோம். உண்மையில் அதுதான் கியர்!

1950களின் அமெரிக்கா பட்டன் மோகத்தில் இருந்த நாடு. விரலால் ஒரு தட்டு தட்டினால் வேலை முடியவேண்டும் என்பதே அன்றைய நவீனம். கிரைஸ்லர் கம்பனி 1956 மொடல் கார்களில் ஓட்டோ கியரைப் பட்டனுக்கு மாற்றியது. முதலில் வந்தவை நான்கே பட்டன்கள்: றிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ. பார்க் பட்டன் கிடையாது. நிறுத்திய கார் நகராமல் இருக்க ஹேண்ட் பிரேக்கைத்தான் நம்பவேண்டும்.

பார்த்தால் மின்சார வேலைபோலத் தோன்றும். ஆனால் பட்டனுக்குப் பின்னால் இருந்ததோ தகடும் கேபிளும்தான். பட்டன் ஒரு தகட்டை நகர்த்தும், தகடு கேபிளை நகர்த்தும், கேபிள் கியர்பெட்டிக்குள் இருக்கும் வால்வை நகர்த்தும். சைக்கிள் பிரேக் கேபிள் இழுக்க மட்டுமே செய்யும். இது இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மற்றவர்கள் ஒரு படி மேலே போக நினைத்தார்கள். பக்கார்ட் 1956இல் மின் மோட்டரால் கியரை மாற்றும் பட்டன்களைக் கொண்டுவந்தது. போர்ட் கம்பனி தனது 1958 எட்செல் காரில் பட்டன்களை ஸ்டியரிங்கின் நடுவிலேயே வைத்தது. வழமையாக ஹோர்ன் இருக்கும் இடம் அது! அவசரத்தில் ஹோர்ன் அடிக்கப்போன கை கியர் பட்டனில் விழுந்தது. ஏற்றத்தில் நிறுத்திய காரைப் பார்க்கிலிருந்து விடுவிக்க மோட்டருக்குப் பலம் போதாமல் போனதும் உண்டு. மறு வருட மொடலிலேயே அந்தப் பட்டன்கள் காணாமல் போய்விட்டன. கிரைஸ்லரின் கேபிள் பட்டன்களோ 1964 மொடல் வரை நின்று பிடித்தன.

இன்று இந்தக் கார்களைப் பாதுகாத்து வருபவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி, பட்டன் இறுகிப்போவது. ஒன்றை அழுத்தினால் உள்ளே போகாது, போனால் திரும்பி வராது. பலம்கொண்டு அழுத்துவதுதான் முதல் ஆபத்து. பட்டனோ கேபிளின் முனையோ உடைந்துவிட்டால் மாற்றுப் பாகம் தேடி அலையவேண்டும்.

சரியான வழி, எங்கே இறுகியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பது. சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இயந்திரத்தை நிறுத்தி, கேபிளைக் கியர்பெட்டிப் பக்கத்தில் கழற்றிவிட்டு, பட்டனை அழுத்திப் பார்க்கவேண்டும். இலகுவாக அழுந்தினால் குறை கியர்பெட்டிப் பக்கம். அப்போதும் இறுகினால் கேபிளை மேல் பக்கத்திலும் கழற்றிப் பார்க்கவேண்டும். கேபிள் தனியாக ஓடினால் குறை பட்டன் பெட்டிக்குள். அறுபது வருடத்துக் கிறீஸ் மெழுகுபோலக் கட்டியாகி, தூசியோடு சேர்ந்து தகடுகளைப் பிடித்திருக்கும். அதைக் கழுவித் துடைத்து, மெல்லிய பூச்சாகப் புதுக் கிறீஸ் இட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கேபிள் துருப்பிடித்திருந்தால் மாற்றவேண்டும். திரும்பப் பூட்டும்போது கேபிளின் நீளத்தைச் சரிசெய்யாவிட்டால், பட்டன் ஒரு கியரைக் காட்டும், பெட்டி இரண்டு கியருக்கு நடுவே நிற்கும். அது இறுகிய பட்டனைவிட மோசம்.

இவ்வளவு நன்றாக உழைத்த பட்டனை ஏன் கைவிட்டார்கள்? அக்காலத்தில் கியரின் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி வேறு. சில கார்களில் லோவுக்குப் பக்கத்திலேயே றிவர்ஸ் இருந்தது. ஒரு காருக்குப் பழகியவர் மற்றக் காரில் ஏறி, முன்னே போக நினைத்துப் பின்னே போனார். 1965இல் றால்ப் நேடர் தனது புகழ்பெற்ற நூலில் இந்தக் குழப்பத்தையும் சாடினார். 1968இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு விதி, லீவரில் றிவர்ஸுக்கும் முன்செல்லும் கியர்களுக்கும் இடையில் நியூட்ரல் இருக்கவேண்டும் என்றது. அந்த விதி வருவதற்கு முன்னரே, 1965 மொடலோடு கிரைஸ்லரும் எல்லோரையும்போல லீவருக்குத் திரும்பிவிட்டது.

ஆக, ஒரு கருவி தன் சொந்தக்காரருக்கு வசதியாக இருந்தால் மட்டும் போதாது. முதன்முதலாக அதைத் தொடுபவரின் கைக்கும் அது புரியவேண்டும். பட்டன் இப்போது திரும்பி வந்துவிட்டது. நம் வீதிகளில் ஓடும் பிரியஸ் கார்களில் பார்க்குக்கு ஒரு பட்டன் இருப்பதைப் பலர் கண்டிருப்போம். அடுத்தவரிடம் அப்படியொரு காரின் சாவியைக் கொடுக்கும்போது, அந்தப் பட்டனை ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட்டே கொடுப்போம்.