கம்பவுண்டரின் ஐந்தாண்டு

இந்தியாவில் மருந்தாளுநர் தொழிலுக்குத் தனிச்சட்டம் வந்தது 1948இல். அதற்கு முன் கம்பவுண்டர்கள் பெரும்பாலும் வேலை பார்த்தே கற்றார்கள்: மருத்துவர் சீட்டைப் படிப்பது, தூளை நிறுப்பது, மிக்சர் கலப்பது, புட்டியில் வேளைக்கணக்கு காட்டும் காகிதத்தை வெட்டி ஒட்டுவது. இது கல்வியே அல்ல என்பவர்கள் உண்டு. பிழையும் கைமாறியது மெய்தான். பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் தேவை என்று மருந்துத் துறையை ஆராய அரசு அமைத்த சோப்ரா குழு 1931இலேயே வற்புறுத்தியது. ஆனால் அந்த 1948 சட்டமே, ஐந்தாண்டு மருந்து கலந்த அனுபவத்தை முதல் பதிவேட்டில் சேரும் தகுதிகளுள் ஒன்றாக ஏற்றது. அனுபவத்தை அறிவென்று மதித்த அந்த முடிவு நியாயமானது என்பேன். பிற்காலப் பட்டயப் படிப்பு விதிகளும் 500 மணி நேரக் களப்பயிற்சியைக் கேட்டன. மாத்திரை ஆலையிலிருந்தே வரும்போது இந்தப் பயிற்சி எதற்கு? கலக்கும் வேலைதான் போயிற்று. எழுதிய அளவு குழந்தையின் வயதுக்கும் எடைக்கும் பொருந்துமா என்று பார்த்து, ஐயம் வந்தால் மருத்துவரிடமே கேட்கும் வேலை கடையில் அப்படியே இருக்கிறது.