கடற்காப்பீடும் தேய்மானமும்: ஃபிக்ஹு நோக்கில் ஒரு வரலாற்றுக் குறிப்பு

மரக்கலத்துக்கு இருவகை அழிவு உண்டு. புயலாலும் தீயாலும் கொள்ளையாலும் வருவது ஒன்று. உப்புநீரிலும் வெயிலிலும் பலகை நாள்தோறும் நைந்து போவது மற்றொன்று. முன்னது நேரலாம், நேராதும் போகலாம்; பின்னது நேர்ந்தே தீரும். கடற்காப்பீட்டுச் சட்டம் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த இழப்பைச் சரக்குடையோர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என மாலிக்கீ மத்ஹபின் சட்ட அறிஞர்கள் விதித்திருந்தனர். கட்டணம் பெற்றுக்கொண்டு இழப்பைப் பிறர் ஏற்கும் முறையோ பதினான்காம் நூற்றாண்டின் இத்தாலியத் துறைமுகங்களில் உருப்பெற்றது.

இம்முறை உஸ்மானியத் துறைமுகங்களை எட்டியபோது, அதனை ஆராய்ந்தவர் திமிஷ்கின் ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) (1784–1836). தமது 'ரத்துல் முஹ்தா'ரில் இதனை 'ஸவ்கரா' என்னும் பெயரால் குறிக்கிறார். வணிகர் கப்பல் வாடகையோடு ஒரு தொகையையும் அயல்நாட்டாருக்குச் செலுத்துவார். சரக்கு மூழ்கினாலோ எரிந்தாலோ அவருடைய முகவர் ஈடு தருவார். கடமையல்லாத ஒன்றைக் கடமையாக்கிக்கொள்ளும் இவ்வொப்பந்தத்தின் வழியே இஸ்லாமிய நாட்டில் ஈடு பெறுதல் ஆகாது என்பது அவர் முடிவு.

ஆங்கிலேயரின் 1906ஆம் ஆண்டுக் கடற்காப்பீட்டுச் சட்டமும், அதனை ஒட்டிய இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டமும் தம் 55ஆம் பிரிவில் ஒரு வரம்பிடுகின்றன: ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை, இயல்பான தேய்மானம், இயல்பான கசிவு, பொருளின் உள்ளியல்புக் குறை ஆகியவற்றுக்கு ஈடில்லை. காற்று, அலை ஆகியவற்றின் வழக்கமான இயக்கமும் 'கடல் அபாயம்' ஆகாது. அமைதியான கடலில் உளுத்த பலகை வழியே நீர் புகுந்தால் அது உரிமையாளரின் இழப்பு. பாறையில் மோதிப் பலகை பிளந்தால் அது காப்பீட்டாளரின் பொறுப்பு. காலவரைக் காப்பீட்டில், கடலுக்குத் தகுதியற்ற கலத்தை அறிந்தே அனுப்பியவருக்கு, அத்தகுதியின்மையால் நேர்ந்த இழப்புக்கும் ஈடில்லை.

இப்பாகுபாடு ஃபிக்ஹுக்குப் புதிதன்று. இஜாரா எனும் வாடகை ஒப்பந்தத்தில், முறையான பயன்பாட்டால் வரும் தேய்வுக்கு வாடகைதாரர் பொறுப்பல்லர். வரம்பு மீறலுக்கும் கவனக்குறைவுக்குமே அவர் ஈடு செய்ய வேண்டும். பயனை அடைபவரே பொறுப்பையும் சுமப்பார் என்ற நெறிப்படி, தேய்மானம் உரிமையாளரையே சாரும்.

1979இல் சூடானில் இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. 1985இல் ஜித்தாவின் ஃபிக்ஹு அகாடமி, வணிகக் காப்பீட்டை விலக்கி, தானத்தையும் ஒத்துழைப்பையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாக முன்வைத்தது. தேய்மான விலக்கின் தார்மிகப் பொருள் இங்கேதான் தெளிவாகிறது. பலர் தானமாக அளித்த நிதியிலிருந்து தம் படகின் பராமரிப்புச் செலவைக் கோருவது, தம் கடமையைச் சகோதரர் மீது சுமத்துவதாகும்.

எனினும், விலக்குகளைக் கையெழுத்திடுபவர் விளங்கிக்கொள்ளாத மொழியில் எழுதிவைத்தால், முன்வாயிலில் தடுத்த 'ஃகரர்' பின்வாயில் வழியே நுழைந்துவிடும். எது தேய்மானம், எது விபத்து என்பதை ஒப்பந்த வேளையிலேயே தெளிவுபடுத்துவது காப்பீட்டாளரின் கடமை. கலத்தைச் செப்பனிட்டு வைப்பது உரிமையாளரின் அமானிதம். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.