பாட்டில்லாத படம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சிறுமலையை இடக்கைப் பக்கமாகக் கண்டுகொண்டே போனால் வருகிற சின்னாளப்பட்டியில், சுங்குடிச் சேலைக்குச் சாயமேற்றுகிறவர்கள் துணியை முதலில் நூலால் சிறுசிறு முடிச்சுகளாக இறுக்கிக் கட்டி, சாயத்தில் தோய்த்து, உலர்ந்த பின் அவிழ்ப்பார்கள். சாயம் புகாத இடங்கள் வெண்புள்ளிகளாக வெளிப்படும். துப்பறியும் கதை புனைகிறவனுக்கும் ஏறக்குறைய இதுவே தொழில் என்பதனாலோ என்னவோ, எங்கள் ஊரார் அத்தகைய கதைகளில் முடிச்சு தளர்வாக இருந்தால் மன்னிப்பதில்லை.

அத்தகைய கதைகள் திரையிலும் வந்தன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் ரேஷன் நீடித்த காலத்தில் எழுந்த குற்றப் படங்கள் பலவற்றுக்குக் கள்ளமார்க்கெட்டே விஷயமாயிற்று. கரோல் ரீட் 1949-இல் எடுத்த 'தி தேர்ட் மேன்' படத்தில் வியன்னா நகரத்தில் கலப்படப் பென்சிலின் விற்கும் பாதகனைத் தேடுகிறார்கள். 1943-ஆம் ஆண்டின் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவுக்குப் பிறகு நூலுக்கு அலைந்த நெசவாளர்களுக்கு அந்தப் பாதகனின் ஜாதி அந்நியமானதன்று. 2015-இல் அப்படம் புதுப்பிக்கப்பட்டு, வீட்டிலேயே பார்க்கும் வட்டாகவும் வந்தது. இரண்டு மணி நேரப் படமென்றால், வினாடிக்கு 24 வீதம், 1,72,800 சட்டங்கள். அவற்றிலுள்ள கீறலையும் தூசியையும் அகற்றும் பொறுமை, பாவில் அறுந்த இழையைத் தேடி முடிகிறவரின் பொறுமைக்குச் சற்றும் குறைந்ததன்று.

தமிழில் 'தி தேர்ட் மேன்' படத்துக்கு நிகராக நான் கருதுவது 1954 ஏப்ரலில் ஏ.வி.எம். வெளியிட்ட 'அந்த நாள்'. வீணை வித்துவானாகிய எஸ். பாலசந்தர், ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமான்' படத்தினால் தூண்டப்பெற்று, 1943-இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய நாளைப் பின்னணியாக வைத்து, சுடப்பட்டு இறந்த ரேடியோ எஞ்ஜினீயரைப் பற்றி ஒவ்வொருவர் வாயிலாகவும் வெவ்வேறு கதை பிறக்குமாறு அதனை இயக்கினார். சிவாஜி கணேசன், பண்டரிபாய், வசனமும் எழுதிய ஜாவர் சீதாராமன் ஆகியோர் நடித்தார்கள். மாருதிராவின் ஒளிப்பதிவு நிழலையும் ஒரு பாத்திரமாக்கியது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை.

அந்தத் துணிவின் அளவை அறிய வேண்டுமானால் அக்காலத்து டூரிங் கொட்டகையை நினைத்துப் பார்க்க வேண்டும். மாட்டு வண்டியில் தட்டி கட்டி நோட்டீஸ் வீசுவதும், அந்தி சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் இசைத்தட்டைச் சுழலவிட்டு வயலிலிருந்து திரும்புகிறவனை மணல்தரைக்கு இழுப்பதும், இடைவேளையில் பாட்டுப் புத்தகம் விற்பதும், ஒரே புரொஜெக்டரில் ரீல் மாற்றும் நேரத்தில் ஜனங்கள் கேட்ட பாட்டைத் தாமே பாடிக்கொள்வதுமாக, அந்தக் கொட்டகை வியாபாரம் அனைத்தும் பாட்டின் முதுகிலேறித்தான் பிரயாணம் செய்தது. பாட்டில்லாத படத்துக்குச் சுழற்ற இசைத்தட்டில்லை, விற்கப் புத்தகமில்லை. முதல் வெளியீட்டில் அது வசூலில் தோற்றதற்கு ரசிகரின் ரசனைக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

தோற்ற படமாயினும் அது பிழைத்துக் கிடக்கிறது. தமிழ் பேசிய முதல் படமென்று நாம் பெருமை கொள்ளும் 1931-ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' ஒரு பிரதியுமின்றி அழிந்தது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் ஒருபுறமிருக்க, பழைய படச்சுருளைக் கரைத்து வெள்ளி எடுக்கும் வழக்கமும் இருந்தது. வெள்ளித்திரை என்ற பெயரை அவ்வளவு நேரடியாக எடுத்துக்கொண்டார்கள்! பழம்படங்களைக் காக்க 1964-இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்படும் முன்பே எத்தனையோ போய்விட்டன.

சென்ற மாதம் வீட்டில் 'அந்த நாள்' படத்தைப் போட்டேன். பக்கத்துத் தறியை நிறுத்திவிட்டு வந்தமர்ந்த பெரியம்மா, "பாட்டு எப்பப்பா வரும்?" என்று இருமுறை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழிந்து நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நிறுத்தி வச்சிட்டுப் போப்பா" என்றார்.