கிள்ளான் ஆற்றங்கரையின் மாசடைந்த நிலங்கள்: ஈயச் சுரங்கம் முதல் ஷா ஆலம் வரை

கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடையது. கோலாலம்பூருக்கு வடகிழக்கே மலைப்பகுதியில் தோன்றி, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் வழியாக மலாக்கா நீரிணையில் கலக்கிறது. இதன் கரைநிலம் ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் சுரங்கமாகவும் தோட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் மாறியது. பழைய நிலத்தைப் புதிய தேவைக்குத் திருப்பும் வழக்கம் இங்கு முதலில் வந்தது. அந்நிலத்தின் மண்ணைச் சோதித்து மதிப்பிடும் முறை மிகப் பிந்தியே வந்தது. இந்த இடைவெளி எவ்வாறு உருவானது, எந்த அளவுக்குக் குறைந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஈயமும் ரயில்பாதையும்

1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளானிலிருந்து படகில் ஆற்றின் மேல்நோக்கிச் சென்று, அம்பாங் பகுதியில் ஈயம் தோண்டினர். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் கோலாலம்பூர் எழுந்தது இதன் விளைவே. ஈயத்தாதைப் பிரிக்க மண்ணை நீரால் கழுவ வேண்டும். கழுவிய சேறு ஆற்றில் இறங்கிப் படுகையை மேடாக்கியது. கரையில் மணல்மேடுகளும் ஈயக் குட்டைகளும் எஞ்சின. நகரை மூழ்கடித்த 1926ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்கு இந்தப் படிவும் ஒரு காரணம்.

ஈயம் பிரித்தபின் எஞ்சும் கனமான தாது மணலை மலேசியாவில் ‘ஆமாங்’ என்பர். இதில் இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகியவை உள்ளன. மோனசைட்டில் இருக்கும் தோரியம் கதிரியக்கத் தன்மை கொண்டது. ஈயத்தாதுடன் ஆர்சனிக் சேர்மங்கள் கலந்திருப்பதும் உண்டு. ஆகவே பழைய சுரங்க நிலம் வெறும் மணல்வெளி போலத் தோன்றினாலும், வீடு கட்டுமுன் அதைச் சோதிப்பது இன்றியமையாதது.

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1881ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் நகரைச் செங்கல்லால் கட்டியெழுப்பக் களிமண் தந்த பிரிக்பீல்ட்ஸ், பின்னர் ரயில்வேத் தமிழர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. அங்கிருந்த 72 ஏக்கர் ரயில் முற்றத்தின் மீதே 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் திறக்கப்பட்டது. இத்தகைய முற்றங்களில் டீசல், மசகெண்ணெய், தண்டவாளத்தின் கீழ் இடும் மரக்கட்டைகளுக்குப் பூசிய கிரியோசோட் ஆகியவை மண்ணில் ஊறியிருப்பது உலகெங்கும் காணப்படும் நிலை.

தோட்டம் தொழிற்பேட்டை ஆதல்

1950களில் பெட்டாலிங் ஜெயாவிலும் 1960களில் பத்து தீகாவிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. 1964இல் அமைந்த சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகம் ரப்பர், செம்பனைத் தோட்டங்களைத் திருத்தி ஷா ஆலத்தை உருவாக்கியது. 1974இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. 1978இல் ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகரானது. தோட்டங்கள் மறைந்தாலும், மிட்லண்ட்ஸ், எபோர் எனும் தோட்டப் பெயர்களை அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கியுள்ளன.

தொழிற்பேட்டை விட்டுச்செல்லும் மாசு சுரங்க மாசிலிருந்து வேறுபட்டது. உலோக முலாம் பூசும் ஆலைகளால் குரோமியமும் நிக்கலும், பேட்டரித் தொழிலால் காரீயமும் மண்ணில் சேரக்கூடும். உலோகத்தின் எண்ணெய்ப்பசையை அகற்றும் குளோரின் கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை என்பதால் நிலத்தடி நீரின் ஆழத்துக்கு இறங்கிவிடும். தரைக்கடியில் புதைத்த எரிபொருள் தொட்டிகள் ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் கசியலாம்.

நீரின் பக்கம் சாய்ந்த சட்டம்

மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் நிறைவேறியது. அதன் 24ஆம் பிரிவு மண் மாசையும், 25ஆம் பிரிவு உள்நாட்டு நீர்நிலை மாசையும் தடுத்தன. ஆயினும் தொடர்ந்து வந்த விதிமுறைகள் பெரும்பாலும் நீரின் பக்கமே சாய்ந்தன. செம்பனை ஆலைகளுக்கு 1977இலும், ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும், தொழிற்சாலைக் கழிவுநீருக்கு 1979இலும் விதிகள் வந்தன. அபாயகரக் கழிவுகளுக்கு 1989இல்தான் தனி விதிகள் கிடைத்தன. குழாய்வழி வெளியேறும் கழிவை அளப்பது எளிது. ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டதை அளக்க அப்போது முறையே வகுக்கப்படவில்லை.

இதே காலத்தில் பிற நாடுகள் மண்ணை நோக்கித் திரும்பின. அமெரிக்காவின் லவ் கெனால் குடியிருப்பில் புதைந்த இரசாயனக் கழிவு 1978இல் பெரும் நெருக்கடியாக வெடித்தது. 1980இல் அந்நாடு ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டத்தை இயற்றி, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என வகுத்தது.

மண்ணை மதிப்பிடும் முறை

2009இல் மலேசியச் சுற்றுச்சூழல் துறை மாசடைந்த நிலம் குறித்து மூன்று வழிகாட்டிகளை வெளியிட்டது. முதலாவது, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உள்ள மாசுகளை ஒப்பிடுவதற்கான அளவுகளைத் தந்தது. இரண்டாவது, மதிப்பீட்டையும் அறிக்கையையும் பற்றியது. மூன்றாவது, சீரமைப்பைப் பற்றியது.

மதிப்பீடு படிப்படியாக நடக்கிறது. முதற்கட்டத்தில் பழைய வரைபடங்கள், வான்படங்கள், உரிமப் பதிவுகள் ஆராயப்பட்டுத் தளம் நேரில் பார்வையிடப்படும். இரண்டாம் கட்டத்தில் துளையிட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுக்கப்படும். மாசின் தோற்றுவாய், அது பயணிக்கும் வழி, பாதிக்கப்படுவோர் ஆகிய மூன்றும் இணைந்தால் மட்டுமே ஆபத்து உண்டு. எனவே குடியிருப்புக்கும் தொழிலகத்துக்கும் அளவுகள் வேறுபடும். தொழிலாளி பணிநேரத்தில் மட்டும் அங்கிருக்கிறார். குழந்தையோ அதே மண்ணில் நாள்தோறும் விளையாடுகிறது.

சீரமைப்பிலும் வழிகள் பல. மாசடைந்த மண்ணை அகழ்ந்து அகற்றலாம். சிமெண்டுடன் கலந்து இறுக்கலாம். நுண்ணுயிர்களால் எண்ணெயைச் சிதைக்கலாம். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். மேலே மூடி அடைத்துக் கண்காணிக்கலாம். கிள்ளான் சமவெளியில் நிலத்தடி நீர் மிக அருகில் உள்ளது, மழை மிகுதி, கீழ்ப்பகுதியில் கடற்களிமண் பரவியுள்ளது. ஆகவே வறண்ட நாட்டு முறைகளை அப்படியே பின்பற்ற இயலாது.

ஆற்றுத் திட்டங்களும் கரைநிலமும்

2010இல் வெளியான பொருளாதார உருமாற்றத் திட்டத்தில் கிள்ளான் ஆற்றின் மீட்பு இடம்பெற்றது. அதிலிருந்து பிறந்த ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டம் மேல்பகுதியில் 110 கிலோமீட்டர் நீள ஆறுகளைத் தூய்மையாக்க முனைந்தது. கீழ்ப்பகுதியில் சிலாங்கூர் மாநிலத்தின் ‘சிலாங்கூர் மேரிடைம் கேட்வே’ திட்டம் கோலாலம்பூரின் மிட்வேலி தொடங்கிக் கிள்ளான் துறைமுகம் வரை 56 கிலோமீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டது. 2019இல் கிள்ளானில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ‘இன்டர்செப்டர்’ நிறுவப்பட்டது. இவை மிதப்பதையும் ஓடுவதையும் பிடிக்கின்றன; கரைமண்ணில் தங்கியதைத் தொடுவதில்லை.

ஆற்றையும் கரைநிலத்தையும் பிரிக்க முடியாது என்பதை 2021 டிசம்பர் வெள்ளம் உணர்த்தியது. ஷா ஆலம் 25ஆம் செக்‌ஷனின் தாமான் ஸ்ரீ மூடா நாள்கணக்கில் மூழ்கியது. வெள்ளம் வடியும்போது ஆற்றுச் சேறு வீட்டிற்குள் தங்குகிறது. கரைமண் ஆற்றுக்குள் போகிறது. மாசு ஓரிடத்தில் நிற்பதில்லை. இதற்கிடையே பெட்டாலிங் ஜெயாவின் 13ஆம் செக்‌ஷன் போன்ற பழைய தொழிற்பகுதிகள் வணிக வளாகங்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறி வருகின்றன. நிலத்தின் பயன்பாடு மாறும்போது மண்ணுக்குப் பொருந்தும் அளவும் கடுமையாகிறது.

அரசமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம்; சுற்றுச்சூழல் தரச் சட்டமோ கூட்டரசின் கையில் உள்ளது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் சில குற்றங்களுக்கு உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. இனி மாசுபடுத்துவோரைத் தடுக்க இது உதவும். முன்பே மாசடைந்த நிலத்துக்குப் போதாது. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி தரும் மாநில, நகராண்மை அமைப்புகள் 2009ஆம் ஆண்டு மதிப்பீட்டு முறையைக் கட்டாய நிபந்தனையாக்குவதும், ஆற்றுப்படிவு, நிலத்தடி நீர், வெள்ளநிலை ஆகியவற்றை ஒரே அறிக்கையில் சேர்ப்பதும், முடிவுகளை அங்கு குடியேறுவோர் அறியச் செய்வதும் தேவை. இம்மூன்றும் நடந்தால்தான் கிள்ளான் கரையின் அடுத்த மறுபயன்பாடு, சோதனைக்குப் பின் தொடங்கும் மறுமேம்பாடாக அமையும்.